பார்த்துக்கொண்டிருக்கும் கிழவர்

1951இல் வெளிவந்த 'ஸ்குரூஜ்' படத்தில் ஒரு மரணப்படுக்கை வருகிறது. பிள்ளை பெற்ற கையோடு ஃபேன் சாகக் கிடக்கிறாள். பக்கத்தில் அவளுடைய உடன்பிறந்தவன், இளைஞன் எபனேசர் ஸ்குரூஜ். அவள் கண் மூடியதும் உயிர் போய்விட்டதென்று எண்ணி எழுந்து வெளியேறிவிடுகிறான். அவன் போன பிறகு அவள் உதடு அசைகிறது. என் மகனைப் பார்த்துக்கொள் என்று கேட்கிறாள். அதைக் கேட்க அவன் அங்கே இல்லை. ஆனால் அறை ஓரத்தில், ஓர் ஆவியின் பக்கத்தில் நின்று தன் பழைய நாளைப் பார்த்துக்கொண்டிருக்கும் கிழவர் ஸ்குரூஜ் இருக்கிறார். ஒரு வாழ்நாள் தாமதமாக அந்த வேண்டுகோள் அவர் காதில் விழுகிறது. அலஸ்டேர் சிம்மின் முகம் அங்கே நொறுங்குவதை நான் எத்தனையோ டிசம்பர்களில் பார்த்துவிட்டேன். இன்னும் பழகவில்லை.

சார்லஸ் டிக்கன்ஸ் எழுதிய 'எ கிறிஸ்துமஸ் கேரல்' கதையில் இந்தக் காட்சி கிடையாது. ஃபேன் வளர்ந்து, மணமாகி, ஒரு பிள்ளையை விட்டுவிட்டு இறந்துபோனாள் என்று ஓரிரு வரியில் கடந்துவிடுகிறார் அவர். படம் புதிதாகச் சேர்த்த காட்சி இது. இருந்தும் கதையின் உயிர் இதில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. இந்த முரணை நேர்செய்யப் பார்ப்பதுதான் இக்கட்டுரை. எந்த ஸ்குரூஜ் சிறந்த ஸ்குரூஜ் என்று ஆண்டு முடிவில் எழும் பழைய வாக்குவாதத்தில் எல்லோரும் முதலில் எடுப்பது விசுவாசத்தின் அளவுகோல்: எந்தப் படம் புத்தகத்துக்கு நெருக்கமானது? நான் வேறொன்றைக் கேட்டுப் பார்க்கிறேன். அந்தக் கிழவர் பார்க்கும்போது அவர் முகத்தில் என்ன நடக்கிறது?

ஏனென்றால் இந்தக் கதையில் ஸ்குரூஜ் செய்கிற முக்கிய வேலை பார்ப்பதுதான். ஓர் இரவு முழுக்க அவருக்குக் காட்சிகள் காட்டப்படுகின்றன. அவர் குரல் அங்கிருப்பவர்களுக்குக் கேட்காது, கை எட்டாது. பழைய பள்ளிக்கூடம், முதல் முதலாளியின் நடன விருந்து, கைவிட்ட காதலி, குமாஸ்தா பாப் கிராச்சிட்டின் வீட்டுச் சாப்பாடு, கடைசியில் தன் பெயர் பொறித்த கல்லறை. தம்மைக் கடந்து ஓடும் நிழல்களின் முன்னால் நின்று அழுகிறார், சிரிக்கிறார், கெஞ்சுகிறார். மருமகன் ஃப்ரெட்டின் வீட்டில் விடுகதை விளையாட்டு நடக்கும்போது, தன் குரல் யாருக்கும் எட்டாது என்பதையே மறந்து சத்தமாக விடை சொல்கிறார். டூரிங் டாக்கீஸ் மணலில் உட்கார்ந்து, பின்னால் வரும் வில்லனைப் பற்றிக் கதாநாயகனை எச்சரித்துக் கத்தியவர்களை நமக்குத் தெரியும். அவர்களுக்கெல்லாம் மூத்தவர் இந்த ஸ்குரூஜ். சினிமா பிறப்பதற்கு அரை நூற்றாண்டு முன்பே டிக்கன்ஸ் ஒரு சினிமா ரசிகரைப் படைத்துவிட்டார்.

இதை மிகைக்காகச் சொல்லவில்லை. லண்டன் தெருக்களைத் தன் மாய விளக்கு என்று 1846இல் ஒரு கடிதத்தில் குறிப்பிட்டவர் டிக்கன்ஸ். கண்ணாடித் துண்டில் வரைந்த படத்தை விளக்கொளியால் சுவரில் பெரிதாக்கிக் காட்டும் கருவி அது. அவருடைய இன்னொரு கிறிஸ்துமஸ் கதையான 'தி ஹாண்டட் மேன்' 1848இல் வந்தது. சாய்த்து வைத்த கண்ணாடியால் மேடையில் ஆவியை நடமாடவிடும் 'பெப்பர்ஸ் கோஸ்ட்' என்ற ஒளி வித்தை, 1862 டிசம்பர் 24 அன்று லண்டன் ராயல் பாலிடெக்னிக்கில் முதன்முதலாகக் காட்டப்பட்டது அந்தக் கதையின் காட்சியோடுதான். பின்னாளில் ரஷ்ய இயக்குநர் ஐசன்ஸ்டைன், அமெரிக்க இயக்குநர் கிரிஃபித்தின் படத்தொகுப்பு முறைக்கு மூலம் டிக்கன்ஸின் நாவல்களில் இருக்கிறது என்று 1944இல் ஒரு நீண்ட கட்டுரையே எழுதினார்.

என்ன பார்க்கச் சொல்லி அந்தக் கிழவரை நிறுத்தினார் டிக்கன்ஸ்? 1843இன் தொடக்கத்தில், தொழிற்கூடங்களில் வேலை செய்யும் சிறுவர்களைப் பற்றி ஒரு விசாரணைக் குழுவின் அறிக்கை வெளிவந்தது. அதைப் படித்துக் கொதித்த டிக்கன்ஸ் ஏழைக் குழந்தைகளுக்காக ஒரு துண்டுப் பிரசுரம் எழுத முதலில் நினைத்தார். செப்டம்பரில் ஃபீல்டு லேன் என்ற இடத்தில், கந்தலுடுத்திய பிள்ளைகளுக்காக நடந்த இலவசப் பள்ளியை நேரில் போய்ப் பார்த்தார். அக்டோபர் 5 அன்று மான்செஸ்டரில் ஒரு கூட்டத்தில் பேசினார். அதன் பிறகுதான் பிரசுரம் கதையாக மாறியது. அவருக்கே பன்னிரண்டு வயதில் தந்தை கடனுக்காக மார்ஷல்சீ சிறையில் அடைக்கப்பட்டார். சிறுவன் ஷூ பாலிஷ் தொழிற்கூடத்தில் புட்டிகளுக்குச் சீட்டு ஒட்டினான். கதையை ஆறே வாரங்களில் டிக்கன்ஸ் எழுதி முடித்தார். அத்தியாயங்களுக்குப் பாடலின் பகுதியைக் குறிக்கும் 'ஸ்டேவ்' என்ற சொல்லைப் போட்டார். நாமாக இருந்தால் சரணம் என்போம். ஐந்து சரணங்கள்.

டிசம்பர் 19 அன்று புத்தகம் வந்தது. ஜான் லீச்சின் ஓவியங்களோடு, விலை ஐந்து ஷில்லிங். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாளுக்குள் 6000 பிரதிகள் தீர்ந்தன. கதையில் வரும் பாப் கிராச்சிட்டின் வாரச் சம்பளம் பதினைந்து ஷில்லிங். தன் கதையை அவன் காசு கொடுத்து வாங்கியிருந்தால், வாரக் கூலியில் மூன்றில் ஒரு பங்கு போயிருக்கும். புத்தகத்தைப் பார்க்கும்போதெல்லாம் இந்தக் கணக்கு எனக்கு நினைவுக்கு வரும்.

கதையின் மூன்றாம் சரணத்தின் முடிவில் ஒரு காட்சி உண்டு. நிகழ்காலத்தின் ஆவி தன் அங்கியை விலக்குகிறது. உள்ளே எலும்பும் தோலுமாக, ஓநாய்க் குட்டிகளைப் போல ஒரு பையனும் பெண்ணும். பையன் பெயர் அறியாமை, பெண் பெயர் வறுமை. மற்ற காட்சிகளில் பெரும்பாலானவை ஸ்குரூஜின் சொந்த வாழ்க்கையைச் சேர்ந்தவை. இந்த இருவருக்கும் அவருக்கும் எந்த உறவும் இல்லை. அதனால்தான் இவர்களைப் பார்ப்பது கடினம். எழுதாமல் விட்ட துண்டுப் பிரசுரம் இங்கே தலை நீட்டுகிறது. ஒரு படம் இந்தக் குழந்தைகளை என்ன செய்கிறது என்பதை நான் எப்போதும் கவனிப்பேன்.

நமக்குக் கிடைக்கும் ஆகப் பழைய திரைவடிவம் 1901இல் எடுக்கப்பட்டது. லண்டனில் ராபர்ட் பால் தயாரித்தார். இயக்கிய வால்டர் பூத் மேடை மந்திரவாதியாக இருந்தவர். மூன்று நிமிடத்துக்குச் சற்று அதிகமாகவே இன்று மிஞ்சியிருக்கிறது. கடந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் என்று கதையில் வரும் மூன்று ஆவிகளுக்கும் நேரமில்லை. ஸ்குரூஜின் இறந்துபோன கூட்டாளி மார்லியின், வெள்ளைத் துணி போர்த்திய ஆவியே எல்லா வேலையையும் செய்கிறது. கதவின் தட்டுவளையத்தில் முகம் தோன்றுவது, உடலுக்குள் பின்னணி தெரிவது எல்லாம் இரட்டைப் பதிவு வித்தைகள். ஆனால் என்னைப் பிடித்து நிறுத்துவது வேறொன்று. ஸ்குரூஜின் அறையில் ஒரு கறுப்புத் திரைச்சீலை. அவருடைய இளமைக்காலம் அந்தச் சீலையின் மேல்தான் தோன்றுகிறது. கிழவர் அதன் எதிரே இருந்து பார்க்கிறார். கதை தன்னைப் பற்றி மறைத்து வைத்திருந்த உண்மையை, படம் பிடிப்பதே புதிதாக இருந்த அந்த நாளில் ஒரு மந்திரவாதி கண்டுகொண்டுவிட்டார்.

அதே 1901இல் மேடையில் ஸ்குரூஜாக நடிக்கத் தொடங்கியவர் சீமோர் ஹிக்ஸ். 1913இல் மௌனப் படத்திலும் 1935இல் பேசும் படத்திலும் அதே வேடத்தைச் செய்தார். பேசும் படம் எடுத்தபோது வயது அறுபதைக் கடந்திருந்தது. தோலோடு ஒட்டிப்போன வேடம் என்பதால் அழுக்கும் சிடுசிடுப்பும் இயல்பாக வருகின்றன. அந்தப் படத்தில் மார்லியின் ஆவி வந்து அமரும்போது நம் கண்ணுக்குத் தெரியாது. குரல் மட்டும் கேட்கும், நாற்காலி காலியாக இருக்கும். செலவை மிச்சப்படுத்தச் செய்ததோ என்னவோ, விளைவு சரியாக அமைந்துவிட்டது. ஆவியைக் காட்டாததால் ஆவியைக் காண்பவரின் முகத்தையே நாம் பார்க்க வேண்டியிருக்கிறது.

மூன்றே ஆண்டுகள் கழித்து ஹாலிவுட்டின் எம்ஜிஎம் எடுத்த 1938 படத்தை என்னால் முழு மனதோடு நேசிக்க முடியவில்லை. வானொலியில் ஆண்டுதோறும் ஸ்குரூஜாகப் பேசி அமெரிக்காவையே கட்டிப்போட்ட லயனல் பாரிமோர் நடித்திருக்க வேண்டியது. அவரால் முடியாமல் போகவே வேடம் ரெஜினால்ட் ஓவனுக்குப் போனது. 69 நிமிடம். பெல் என்ற காதலி வெட்டப்பட்டாள். அறியாமையும் வறுமையும் காணாமல் போயின. கிராச்சிட் குடும்பத்தில் நிஜத்திலும் கணவன் மனைவியான ஜீன் லாக்ஹார்ட்டும் கேத்லீன் லாக்ஹார்ட்டும் நடித்தார்கள், மகள் ஜூனும் கூடவே. கன்னம் செழித்த குடும்பம். வாரம் பதினைந்து ஷில்லிங்கில் எட்டு வயிறு நிரப்பும் வீடு என்று நம்ப வழியில்லை. பாப்பின் பனிப்பந்து முதலாளியின் தொப்பியில் பட்டு வேலை போகிறது என்று ஒரு சம்பவத்தைச் சேர்த்தார்கள். பெருமந்தத்தில் வேலையிழந்து நின்ற அமெரிக்கர்களுக்கு அந்தச் சம்பவம் நெஞ்சைத் தொட்டிருக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஓவனின் ஸ்குரூஜ் பாதிப் படத்திலேயே கனிந்துவிடுகிறார். பார்ப்பதற்கு இன்னும் எவ்வளவோ இருக்கும்போதே பார்ப்பவர் திருந்திவிட்டால், மிச்சப் படம் யாருக்கு?

1951க்குத் திரும்புகிறேன். பிரையன் டெஸ்மண்ட் ஹர்ஸ்ட் இயக்கம், நோயல் லாங்லி திரைக்கதை. டிக்கன்ஸ் சொல்லாமல் விட்ட காரணங்களையெல்லாம் லாங்லி இட்டு நிரப்பினார். ஸ்குரூஜைப் பெற்றபோதே தாய் இறந்தாள், அதற்காகத் தகப்பன் அவரை வெறுத்தான். ஃப்ரெட்டைப் பெற்றபோது ஃபேன் இறந்தாள், அதற்காக ஸ்குரூஜ் ஃப்ரெட்டை வெறுத்தார். தமிழில் இந்தக் கதையைச் சொல்ல உட்காருபவருக்கு இங்கே ஒரு சிக்கல் காத்திருக்கிறது. புத்தகத்தில் ஃபேன் சின்னப் பெண், தங்கை. படத்திலோ தாய் எபனேசரைப் பெற்றதும் இறந்துவிட்டதால் ஃபேன் அவனுக்கு மூத்தவளாக, அக்காவாக இருந்தே ஆக வேண்டும். ஆங்கிலத்தில் ஒரே சொல்லுக்குள் ஒளிந்துகொள்ளும் இந்த மாற்றம் தமிழில் உடனே வெளியே தெரிந்துவிடும். அக்கா என்று வைத்துப் பாருங்கள், அந்த மரணப்படுக்கையின் எடையே மாறுகிறது. தாயில்லாப் பிள்ளைக்குத் தாயாக இருந்தவள் சாகிறாள்.

ஜார்கின் என்ற புதிய வியாபாரியையும் லாங்லி உண்டாக்கினார். நல்ல முதலாளி ஃபெசிவிக்கிடமிருந்து இளம் ஸ்குரூஜைப் பணத்தாசை காட்டிப் பிரிப்பவன் அவன்தான். பின்னாளில் அவனே நிறுவனப் பணத்தைக் கையாடிப் பிடிபடும்போது, ஸ்குரூஜும் மார்லியும் பற்றாக்குறையை ஈடுகட்டுகிறோம் என்ற பெயரில் நிறுவனத்தையே விழுங்குகிறார்கள். ஒரு மனிதன் ஒரே இரவில் கஞ்சனாகிவிடுவதில்லை. கணக்குப் புத்தகத்தின் ஒவ்வொரு பக்கமாகப் புரண்டுதான் அப்படி ஆகிறான் என்று படம் பொறுமையாகக் காட்டுகிறது. புத்தகத்தை மீறிய இந்தச் சேர்க்கைகளை நான் ஏற்கக் காரணம், ஒவ்வொன்றையும் கிழவர் ஸ்குரூஜ் பக்கத்தில் நின்று பார்க்கிறார் என்பதுதான். காரணம் நமக்குச் சொல்லப்படும்போது அவருக்கு வலிக்கிறது.

சிம்மின் கண்கள் பெரியவை, ஈரமானவை. இமை தாழ்ந்தால் கசப்பு, உயர்ந்தால் குழந்தை. மறுநாள் காலை விழித்ததும் அவர் போடும் ஆட்டத்துக்கு ஈடான ஒன்றை வேறெந்த ஸ்குரூஜும் தரவில்லை. இரவு உடையோடு துள்ளுகிறார், தலைகீழாக நிற்கப் பார்க்கிறார். வீட்டு வேலை செய்யும் டில்பர் அம்மாள் பைத்தியம் பிடித்துவிட்டதென்று அலறிக்கொண்டு மாடிப்படியில் இறங்கி ஓடுகிறாள். கேத்லீன் ஹாரிசன் நடித்த அந்த அம்மாள் படத்தின் இன்னொரு பொக்கிஷம். இவ்வளவு நேரம் பார்க்க மட்டுமே முடிந்த மனிதருக்கு இப்போது தொட முடிகிறது, பேசினால் எதிரில் இருப்பவருக்குக் கேட்கிறது. அந்த மகிழ்ச்சியின் மூலம் அதுதான் என்று சிம் தெரிந்துவைத்திருக்கிறார். அறியாமையும் வறுமையும் இந்தப் படத்தில் உண்டு.

1962இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் மிஸ்டர் மகூ என்ற கார்ட்டூன் பாத்திரம் ஸ்குரூஜானது. தொலைக்காட்சிக்கென்றே தயாரான முதல் அனிமேஷன் கிறிஸ்துமஸ் சிறப்பு நிகழ்ச்சி அது. மகூ கிட்டப்பார்வைக்காரர், எதிரில் இருப்பது எதுவும் சரியாகத் தெரியாதவர். அவரைத் தேர்ந்ததிலேயே ஒரு கூர்மை இருக்கிறது. 1983இல் டிஸ்னி எடுத்த 26 நிமிடப் படத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஸ்குரூஜின் பெயரைத் தாங்கி 1947இல் கார்ல் பார்க்ஸ் உருவாக்கிய ஸ்குரூஜ் மெக்டக் வாத்து, கடைசியில் தன் பெயரின் சொந்தக்காரர் வேடத்தையே ஏற்றது என்பது அழகான வட்டம். பாப் கிராச்சிட்டாக வரும் மிக்கி, இறந்த மகனின் கல்லறையில் அவனுடைய ஊன்றுகோலைச் சாய்த்து வைக்கும் ஒரு கட்டத்துக்காக அதை மன்னிக்கலாம்.

ஆல்பர்ட் ஃபின்னியின் 1970 இசைப் படத்தில் ஒரு கட்டம் மட்டும் மேதைமையானது. ரொனால்டு நீம் இயக்கினார், பாடல்கள் லெஸ்லி பிரிக்கஸ். முப்பதுகளின் நடுவில் இருந்த ஃபின்னி இளைஞனாகவும் கிழவராகவும் அவரே நடித்தார். எதிர்காலத்தின் ஆவி அவரைத் தெருவுக்கு அழைத்து வருகிறது. கடன்காரர்களெல்லாம் நன்றி சொல்லிப் பாடி ஆடுகிறார்கள். தன்னைத்தான் கொண்டாடுகிறார்கள் என்று நினைத்து ஸ்குரூஜும் சேர்ந்து ஆடுகிறார். அவர் முதுகுக்குப் பின்னே அவருடைய சவப்பெட்டி வெளியே வருகிறது. தங்கள் கடனோடு போய்ச் சேர்ந்தார் என்பதற்கே அந்த நன்றி. பார்த்தும் புரியாதவரை இதைவிடக் குரூரமாகக் காட்ட முடியாது. மற்றபடி படம் நீளம். நரகத்துக்குள் இறங்கும் பகுதியை எடுத்துவிட்டாலும் நட்டமில்லை.

அடுத்த ஆண்டே வந்த ரிச்சர்டு வில்லியம்ஸின் அனிமேஷன் படத்தைத் தேடிப் பார்க்கச் சொல்லி நான் சலிக்காமல் கேட்டுக்கொள்வேன். 25 நிமிடந்தான். லீச் காலத்துச் செதுக்கோவியங்களின் கோடுகள் அப்படியே உயிர்பெற்று அசைகின்றன. சிம் இருபது ஆண்டுகள் கழித்து மறுபடியும் ஸ்குரூஜுக்குக் குரல் கொடுத்தார். 1951இல் மார்லியாக வந்த மைக்கேல் ஹார்டர்ன் மறுபடியும் மார்லியானார். பெரும்பாலான படங்கள் விட்டுவிடும் பக்கங்கள் இதில் இருக்கின்றன: சுரங்கத் தொழிலாளர்களின் குடிசை, கடல் நடுவே கலங்கரை விளக்கம், அலையில் தத்தளிக்கும் கப்பல். அங்கெல்லாம் முன்பின் தெரியாத மனிதர்கள் கிறிஸ்துமஸ் பாட்டை முணுமுணுக்கிறார்கள். தனக்கு யாருமே அல்லாதவர்களைக் கிழவர் பார்க்கிறார். அறியாமையும் வறுமையும் இதில் வந்து நிற்கும்போது, நான் பார்த்த வடிவங்களிலேயே இதில்தான் மிகவும் பயந்தேன். தொலைக்காட்சியில் முதலில் வந்து, பிறகு திரையரங்குக்குப் போன இந்தப் படம் 1972ஆம் ஆண்டுக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றது. அதற்கு எழுந்த எதிர்ப்பில், தொலைக்காட்சியில் முதலில் காட்டியவற்றுக்கு இடமில்லாதபடி விதியையே மாற்றினார்கள்.

ஜார்ஜ் சி. ஸ்காட்டின் 1984 படத்தை இயக்கிய கிளைவ் டோனர், 1951 படத்தின் படத்தொகுப்பாளர். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மனத்தில் வைத்திருந்து எடுத்த பதில் இது என்று நான் நினைத்துக்கொள்வேன். சிம்மின் ஸ்குரூஜ் காயம்பட்டவர். ஸ்காட்டுடையவர் காயத்தைக் காட்டாதவர். தானியச் சந்தையில் நின்று, காத்திருந்த வியாபாரிகளிடம் விலையை ஏற்றிச் சொல்லும்போது அவருக்குக் கோபம்கூட வரவில்லை. கணக்குத் தெரிந்தவர், தன் கணக்கு சரியென்று நம்புகிறவர். ஆவிகளோடு வாதாடுகிறார். சாகிறவர்கள் செத்து மிகைப்பட்ட மக்கள்தொகையைக் குறைக்கட்டும் என்று முன்னர் அவர் சொன்னதை, எட்வர்டு வுட்வர்டின் நிகழ்கால ஆவி கோபத்தோடு திருப்பி அவர் முகத்திலேயே எறிகிறது. அப்போது ஸ்காட் தலையைத் தாழ்த்திக்கொள்கிறார், அவ்வளவுதான். அந்தச் சொற்களில் மக்கள்தொகைப் பெருக்கத்தைப் பற்றி எச்சரித்த பொருளியலாளர் மால்தஸ் இருக்கிறார், 1834இன் ஏழைச் சட்டமும் இருக்கிறது. கணவனை ஒரு பக்கமும் மனைவியை ஒரு பக்கமும் பிள்ளைகளை ஒரு பக்கமும் பிரித்து வைத்த அந்தச் சட்டத்தின் வேலை இல்லங்களுக்குப் போக மறுத்து, பாலத்தடியில் நெருப்பு மூட்டி உட்கார்ந்திருக்கும் ஒரு குடும்பத்தைப் படம் புதிதாகச் சேர்க்கிறது. அவர்களைக் காட்டிய கையோடு ஆவி ஸ்குரூஜைத் தனியே விட்டு மறைகிறது. இருட்டில் அமர்ந்து, தான் என்ன தவறு செய்தேன் என்று அவர் அப்போதும் கேட்கிறார். இவ்வளவு பார்த்தும் வளையாத முதுகு. அது வளையும்போது நம்ப முடிகிறது.

படப்பிடிப்பு நடந்தது ஷ்ரூஸ்பரி நகரத்தில். ஸ்குரூஜின் பெயர் பொறித்த கல்லறைக் கல் செயிண்ட் சாட்ஸ் தேவாலய வளாகத்திலேயே விடப்பட்டது. இன்றும் ஆட்கள் தேடிப் போய்ப் பார்க்கிறார்கள். நிழலாக மறைந்திருக்க வேண்டிய கல் நிஜமாக நின்றுவிட்டது.

1992இன் 'தி மப்பெட் கிறிஸ்துமஸ் கேரல்' குழந்தைகளுக்கான பொம்மைப் படம் என்று ஒதுக்கி நெடுநாள் பார்க்காமல் இருந்தேன். அது என் இழப்பு. மப்பெட் பொம்மைகளைப் படைத்த ஜிம் ஹென்சன் 1990இல் இறந்தார். அவர் மகன் பிரையன் இயக்கிய முதல் படம் இது. தந்தையின் கையிலும் குரலிலும் வாழ்ந்த கெர்மிட் தவளையை, பாப் கிராச்சிட்டாக, ஸ்டீவ் விட்மையர் இயக்கினார். ஊன்றுகோலோடு நடந்த பிள்ளை இறந்து, அவன் இருந்த இடம் காலியான வீட்டில் கிராச்சிட் தவளை பேசும்போது, அதை எடுத்தவர்களின் துக்கமும் அதற்குள் இருப்பதாகவே எனக்குக் கேட்கிறது. சுற்றிலும் துணிப் பொம்மைகள் நிற்க, மைக்கேல் கேய்ன் ஷேக்ஸ்பியர் நாடகத்தில் நடிப்பதைப்போல ஓர் இம்மியும் கேலியின்றி நடித்திருக்கிறார். பொம்மைகளை அவர் மனிதர்களாகப் பார்ப்பதால் நாமும் அப்படியே பார்க்கிறோம். கான்ஸோ என்ற பொம்மை டிக்கன்ஸாக வந்து கதை சொல்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல எழுதிய டிக்கன்ஸின் குரல் மற்ற படங்களில் பெரும்பாலும் விழுந்துவிட்டது. இங்கே முழுசாக இருக்கிறது.

அந்தப் படத்தில் பெல் பிரியும்போது ஒரு பாடல் பாடுவாள். கிழவர் கேய்ன் அவள் பின்னால் நின்று, தானும் கூடவே பாட முயன்று, முடியாமல் உடைந்து அழுவார். குழந்தைகள் பொறுமை இழப்பார்கள் என்று ஸ்டுடியோவில் சொன்னதால் திரையரங்குப் பிரதியிலிருந்து அதை வெட்டினார்கள். பிறகு மூல நெகட்டிவே தொலைந்துவிட்டது. 2020இல் கண்டெடுத்து, 2022இல் டிஸ்னி பிளஸில் முழுப் படமாகச் சேர்த்தார்கள். அந்தத் திரையரங்குப் பிரதியில் காணாமல் போயிருந்தது பார்ப்பவரின் முகம். அது இருக்கும் பிரதியையும் இல்லாத பிரதியையும் பார்த்துவிட்டேன். இல்லாததில், முடிவில் அவர் பாடும் பாட்டு எங்கிருந்து வந்தது என்றே தெரியாது. அறியாமையும் வறுமையும் இந்தப் படத்தில் இல்லாதது எனக்குக் குறைதான்.

பாட்ரிக் ஸ்டூவர்ட் இந்தக் கதையை மேடையில் ஒற்றை ஆளாக ஆண்டுக்கணக்கில் நடித்தவர். 1999 தொலைக்காட்சிப் படத்தில் அந்தப் பயிற்சி தெரிகிறது. கிறிஸ்துமஸ் காலையில் அவருக்குச் சிரிப்பு உடனே வரவில்லை. தொண்டையில் ஏதோ அடைத்ததுபோல இருமி, மூச்சுத் திணறி, அதன்பிறகு வெடிக்கிறது. சிரித்துப் பல்லாண்டு ஆன உடம்பு. படத்தின் மற்றப் பகுதிகள் நேர்மையானவை, கொஞ்சம் உலர்ந்தவை.

ராபர்ட் ஜெமெக்கிஸ் 2009இல் நடிகர்களின் அசைவைக் கணினிக்குள் வாங்கி எடுத்த படத்தில், ஜிம் கேரி ஸ்குரூஜாகவும் மூன்று ஆவிகளாகவும் நடித்தார். நிகழ்காலத்தின் ஆவி வரும்போது அறையின் தரை கண்ணாடிபோலத் தெளிந்து, அறை அப்படியே லண்டனுக்கு மேல் பறக்க, ஸ்குரூஜ் காலடியில் ஊரைப் பார்க்கிறார். 1901இன் திரைச்சீலைக்குப் பின் இதுபோல ஒரு கற்பனையை நான் கண்டதில்லை. ஆனால் அடுத்த பகுதியில் ஸ்குரூஜை எலி அளவு சுருக்கி, சவ வண்டிக் குதிரைகள் துரத்த ஓடவிடுகிறார்கள். ஓடுகிறவரால் எதையும் பார்க்க முடியாது. அறியாமையும் வறுமையும் இதில் நம் கண்முன்னே வளர்ந்து கத்திக்காரனாகவும் விலைமாதாகவும் மாறுகிறார்கள். திடுக்கிட வைக்கிறது. ஆனால் டிக்கன்ஸ் காட்டிய பிள்ளைகள் இன்னும் பிள்ளைகளாக இருப்பதால்தான் நமக்குப் பொறுப்பு உண்டாகிறது.

2019இல் ஸ்டீவன் நைட் எழுதி, கை பியர்ஸ் நடித்து பிபிசியில் மூன்று இரவுகள் ஓடிய தொடர், காரணம் தேடும் போக்கின் உச்சம். சிறுவயதில் பாலியல் கொடுமை, பணத்தை மிச்சம்பிடித்ததால் நேர்ந்த சுரங்க விபத்து, கிராச்சிட்டின் மனைவியைக் காசு காட்டி அவமானப்படுத்தும் சோதனை. பியர்ஸ் நல்ல நடிகர், இருளின் ஒளிப்பதிவும் நேர்த்தி. இருந்தாலும் பார்த்து முடித்தபோது எனக்கு ஏமாற்றமே மிஞ்சியது. டிக்கன்ஸின் ஸ்குரூஜ் அசாதாரணக் கொடுமையைச் செய்தவர் இல்லை. கூலியைக் குறைத்துக் கொடுத்தார், கரியை எண்ணிக் கொடுத்தார், வாசலில் வந்து தருமம் கேட்டவர்களை விரட்டினார். சட்டப்படி அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. அவரைப் பெரும்பாவியாக்கினால், படம் பார்க்கிற கூலி கொடுப்பவர்களும் கூலியைக் குறைப்பவர்களும் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடலாம்.

கதை முடிவில் வரும் வான்கோழி விஷயத்திலும் யார் யாரைப் பார்க்கிறார்கள் என்பதே கேள்வி. புத்தகத்தில் ஸ்குரூஜ் அதை யார் அனுப்பினார்கள் என்று தெரியாதபடி கிராச்சிட் வீட்டுக்கு அனுப்புகிறார். மறுநாள் அலுவலகத்தில்தான் சம்பளத்தை உயர்த்துகிறார். 1938 படமும், 1970 படமும், மப்பெட்டும், மிக்கியும் அவரை நேராக அந்த வீட்டுக்குள்ளேயே கொண்டுபோய் நிறுத்துகின்றன. நன்றியும் அணைப்பும் கிடைக்கின்றன. ஃபின்னி கிறிஸ்துமஸ் தாத்தா வேடமே போட்டுக்கொண்டு போகிறார். உணர்ச்சி பொங்கும் காட்சிகள்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒரு நாள் விருந்தை அந்தக் குடும்பம் முதலாளியின் கண்பார்வை படாமல் உண்ணட்டும் என்று விட்டதில் டிக்கன்ஸ் காட்டிய நாகரிகம் எனக்குப் பிடிக்கும். ஏற்கெனவே ஒரு முறை அவர்களுக்குத் தெரியாமல் அந்தச் சாப்பாட்டு மேசையைப் பார்த்தவர் அவர். 1951ம் 1984ம் புத்தகத்தின் வழியிலேயே போகின்றன.

அந்த இரண்டில் எது என்று கேட்டால், மனம் வறண்டிருக்கும் ஆண்டுகளில் ஸ்காட்டையும் மற்ற ஆண்டுகளில் சிம்மையும் பார்க்கிறேன். பிள்ளைகள் உடன் இருந்தால் கேய்ன், அந்தப் பாடல் உள்ள பிரதி. நேரமே இல்லையென்றால் வில்லியம்ஸின் 25 நிமிடம்.

சிம்மின் படத்தில் முடிவை நெருங்கும்போது ஒரு சின்ன இடம் இருக்கிறது. எப்போதும் போகாத ஃப்ரெட்டின் வீட்டுக்கு அவர் விருந்துக்கு வருகிறார். உள்ளே பாட்டு கேட்கிறது. கதவைத் திறந்த இளம் பணிப்பெண் தொப்பியையும் கோட்டையும் வாங்கிக்கொள்கிறாள். கூடத்துக் கதவருகே போனவர் கை வைக்கத் தயங்கி, திரும்பி அந்தப் பெண்ணைப் பார்க்கிறார். இரவெல்லாம் யார் கண்ணிலும் படாமல் எல்லோரையும் பார்த்த மனிதரை இப்போது ஒருத்தி பார்க்கிறாள். அவர் யார், என்ன செய்தவர் என்று அவளுக்கு எதுவும் தெரியாது. சிரித்து, போங்கள் என்பதுபோலத் தலையசைக்கிறாள். ஒரு வசனமும் இல்லை. அவர் கதவைத் திறக்கிறார்.